நகரத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் உங்கள் தெருவும் இடம்பெற: டர்பன் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி நகராட்சி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பெரிய திட்டம் தயாரிக்கிறது. ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். டர்பனில் எல்லோரும் ஐ.டி.பி. என்றுதான் சொல்வார்கள். உங்கள் தெருவின் மழைநீர்க் குழாய் மாற்றப்படுமா, டோங்காட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், சாட்ஸ்வர்த்தில் எந்தப் பூங்காவுக்கு வேலி போடுவார்கள், சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கேதான் தொடங்குகிறது. 2000-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் நகராட்சி அமைப்புகள் சட்டம் இதை நகராட்சியின் முதன்மையான திட்ட ஆவணம் என்கிறது. அதைத் தயாரிக்கும்போது மக்களைக் கலந்துகொள்வது நகராட்சியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

இவ்வளவு இருந்தும் நம்மில் பலர் இந்த வேலைக்குள் வருவதே மே மாதம்தான். வரவுசெலவுக் கூட்டம் என்று அறிவிப்பு வரும், மண்டபம் நிரம்பும், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் கொதிப்போடு பேசுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் பணம் ஏறக்குறைய பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கோரிக்கை ஆவணத்தில் எழுத்தாகி, பட்ஜெட்டில் ரேண்ட் தொகையோடு ஒரு வரியாகி, அந்த வரி வேலையாக முடியும்வரை அதைக் கைவிடாமல் பின்தொடர வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைப் பற்றித்தான்.

ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இந்த உரிமை நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து வந்து சேர்ந்த ஊர் இது. நகரத்துக்குக் காய்கறி விளைவித்ததும், குப்பை அள்ளியதும், ரயில் பாதை போட்டதும் நம் முன்னோர்கள். ஆனால் 1924-இல் நட்டால் மாகாணச் சட்டம் ஒன்று, இந்தியர்கள் நகராட்சி வாக்காளராகப் பதிவாகும் வழியை அடைத்தது. பிறகு இனத்துக்கு ஒரு பகுதி என்று நகரைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் வந்து கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைக் கிளப்பி, சாட்ஸ்வர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தது. அந்த இரண்டு ஊர்களையும் யாரோ வரைபடத்தில் கோடு போட்டு யூனிட் யூனிட்டாகப் பிரித்தார்கள். அங்கே வாழப்போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளூர் விவகாரக் குழு என்று ஓர் அமைப்பைப் பின்னாளில் தந்தார்கள். அதற்கு ஆலோசனை சொல்ல மட்டுமே முடியும். குவாசூலு-நட்டாலில் எல்லோரும் சமமாக வாக்களித்த முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 ஜூன் 26-இல் நடந்தது. கணக்குப் பார்த்தால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நம்மை வெளியே நிறுத்தித் திட்டம் போட்ட நகரம் இது. இன்று கதவு திறந்திருக்கிறது, உள்ளே போவோம்.

முதல் படி: யாரிடம் எதைக் கேட்பது

கூட்டங்களில் பாதி நேரம் வீணாவது இதைப் பிரித்துப் பார்க்காததால்தான். அரசமைப்புச் சட்டத்தின் 4-ஆம், 5-ஆம் அட்டவணைகளின் இரண்டாம் பகுதிகள் நகராட்சியின் வேலைகளைப் பட்டியலிடுகின்றன. குடிநீர் விநியோகம், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின் விநியோகம், உள்ளூர்ச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, விளையாட்டுத் திடல், சந்தை, மயானம், தகன மேடை, காற்று மாசு, குழந்தைகள் காப்பகம், நகரமைப்பு ஆகியவை அதில் வருகின்றன.

ஆர்.கே.கான் மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம் மாகாண அரசின் பொறுப்பு. பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். காவல் நிலையம் தேசிய அரசின் கையில் இருக்கிறது. என்.2 நெடுஞ்சாலை தேசியச் சாலை நிறுவனத்துடையது. வீட்டுவசதி கொஞ்சம் சிக்கலானது: அதிகாரம் தேசிய, மாகாண அரசுகளிடம், ஆனால் கட்டும் வேலையில் பெரும்பங்கு நகராட்சியின் கையில். இந்த விஷயங்களை நகராட்சிக் கூட்டத்தில் சொல்லவே கூடாது என்றில்லை. மருத்துவமனைக்குப் போகும் நடைபாதை, பள்ளி வாசலில் வேகத்தடை, காவல் நிலையத்துக்குப் போகும் இருட்டுத் தெருவில் விளக்கு என்று நகராட்சி செய்யக்கூடிய பகுதியைப் பிரித்தெடுத்துக் கேளுங்கள். கோரிக்கை உடனே கனமாகிவிடும்.

இன்னொரு பிரிவும் முக்கியம். இன்று உடைந்த குழாயை ஒட்டுவது பராமரிப்பு. அதற்கு நகராட்சியின் சேவை மையமான சிஸகலா மையத்தில் புகார் கொடுத்துக் குறிப்பு எண் வாங்க வேண்டும், ஐ.டி.பி. வரை போக வேண்டாம். அதே குழாய் திரும்பத் திரும்ப உடைகிறது, முழு நீளத்தையும் மாற்ற வேண்டும் என்றால் அது மூலதனச் செலவு. அதுதான் ஐ.டி.பி.க்கு உரியது. புகார்க் குறிப்பு எண்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தை உங்கள் தெருவில் இன்றே தொடங்குங்கள். பின்னால் அவைதான் சாட்சி.

இரண்டாம் படி: நகராட்சியின் ஆண்டை நம் காலண்டரில் குறித்துக்கொள்வது

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. 2003-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் முக்கியமான தேதிகளைக் கட்டிப்போட்டிருக்கிறது. அவற்றை நம் விசேஷங்களோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கோயில்களில் ஆடிக் கூழ் ஊற்றி முடித்த கையோடு, ஆகஸ்ட் 31-க்குள், அடுத்த ஆண்டுத் திட்டமும் பட்ஜெட்டும் எந்தெந்த நாட்களில் எப்படித் தயாராகும் என்ற கால அட்டவணையை மேயர் நகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும். நிதியாண்டு தொடங்கப் பத்து மாதம் முன்பு என்பது சட்டத்தின் கணக்கு. இந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மக்களைச் சந்திக்கும் காலம் எது என்று எழுதியிருக்கும்.

புரட்டாசியும் தீபாவளியும் வரும் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் தேவைகளைச் சேகரிக்கச் சரியான பருவம். அப்போது துறைகள் தங்கள் பட்டியலைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும், எதையும் இறுதி செய்திருக்காது. வேறு எதற்கு நேரமில்லாவிட்டாலும் இந்த மூன்று மாதங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தைப்பூசக் காவடி நெருங்கும்போது, ஜனவரி 25-க்குள், அரையாண்டு ஆய்வு முடிந்திருக்கும். எந்தத் திட்டத்தில் பணம் செலவாகவில்லை என்பது அதில் தெரியவரும். பங்குனியில், மார்ச் 31-க்குள், வரைவுத் திட்டமும் வரைவு பட்ஜெட்டும் மன்றத்தின் முன் வரும். உடனே அவற்றை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். சித்திரையில் கருத்துக் காலம். வைகாசியில், மே மாதம் முடிவதற்குள், மன்றம் ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ளும். ஜூலை 1 முதல் அமல்.

இந்தச் சுற்று ஆண்டுதோறும் நடக்கிறது, ஏனென்றால் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒவ்வோர் ஆண்டும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். என்றாலும் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த முதல் ஆண்டுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. கடந்த தேர்தல் 2021 நவம்பர் 1-இல் நடந்தது. ஒவ்வொரு புதிய மன்றமும் தனக்கென ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தை ஏற்கிறது. முந்தையதைத் திருத்தத்தோடு தொடரவும் அதற்கு வழி உண்டு. பெரிய மாற்றம் கேட்பதென்றால் அந்த ஆண்டில் கேளுங்கள்.

மூன்றாம் படி: ஆட்களைத் திரட்டுவது

ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அவர் தலைமையில் வார்டு குழு அமையும். அவரைத் தவிர அதிகபட்சம் பத்துப் பேர் அதில் இருக்கலாம் என்பது 1998-ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டம் வைத்த வரம்பு. பெண்களுக்கு நியாயமான இடமும், வார்டில் உள்ள பலவகைப் பிரிவினருக்கும் இடமும் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், இளைஞர், சமய அமைப்புகள், வியாபாரிகள் என்று துறைவாரியாக ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தக் குழுவால் பரிந்துரைக்க முடியும், உத்தரவிட முடியாது. அதனால் அதைச் சிறுமையாக நினைக்க வேண்டாம். வார்டின் கோரிக்கை அதிகாரபூர்வமாக மேலே போகும் முதல் வழி அதுதான். தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பாக வேலை செய்யும் ஒருவர், முடிந்தால் ஒரு பெண், அந்தக் குழுவுக்குப் போட்டியிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வார்டு கவுன்சிலர் உங்கள் பேச்சைக் கேட்காத கட்சிக்காரர் என்றால்? எதெக்வினியில் வார்டிலிருந்து வரும் கவுன்சிலர்களும் கட்சிப் பட்டியலிலிருந்து வரும் கவுன்சிலர்களும் ஏறக்குறையப் பாதிப்பாதி. பட்டியல் கவுன்சிலர்களையும் தாராளமாக அணுகலாம். ஒரே கடிதத்தின் நகலை எல்லாக் கட்சிகளுக்கும் அனுப்புவது நல்லது. ஒரு கட்சியின் மனுவாகத் தெரிந்தால் மற்ற கட்சிகள் அதைத் தொட யோசிக்கும்.

அடுத்து நம் கூட்டம். கோயில் மண்டபம் நமக்குப் பழகிய இடம். புரட்டாசிச் சனிக்கிழமை பூஜை முடிந்து மக்கள் அங்கேயே இருப்பார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கேட்டால் உட்காருவார்கள். ஆனால் கோயிலில் மட்டும் கூடினால் தெருவில் பாதிப் பேர் விடுபடுவார்கள். மசூதிக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், பக்கத்துக் குடிசைப் பகுதியில் இருக்கிறவர் எல்லோருக்கும் அதே வடிகால், அதே மின்கம்பம். நூலகத்திலோ பள்ளிக் கூடத்திலோ இன்னொரு கூட்டம் வையுங்கள்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாட்ஸ்வர்த்துக்குப் பக்கத்தில் உம்லாசி, வெல்பெடாக்ட். ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இனாண்டா, குவாமாஷு, பம்பாயி. 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸ் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் வலி இரு பக்கமும் இன்னும் ஆறவில்லை. இந்த நிலையில் இந்தியப் பகுதிக்கு இது வேண்டும், கறுப்பினப் பகுதிக்கு அது வேண்டும் என்று இரண்டு தனி மனுக்கள் போனால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓடை இரண்டு பகுதிகளையும் கடந்துதான் ஓடுகிறது. மேலே குப்பை அடைத்தால் கீழே வெள்ளம். வெல்பெடாக்ட் குடியிருப்போர் குழுவும் சாட்ஸ்வர்த் குழுவும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மனுவை ஒதுக்கித்தள்ளுவது எந்த அதிகாரிக்கும் கடினம். அந்தச் சந்திப்பு மனுவுக்கு மட்டும் பயன்படுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரராகவும் நாம் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறோம். முதல் தடவை நாம்தான் அவர்கள் பகுதிக்குப் போக வேண்டும்.

மொழியையும் யோசியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இன்று ஆங்கிலம்தான் புழங்குகிறது, ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் சில ஆயாக்களும் தாத்தாக்களும் தமிழில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். அவர்கள் பேசட்டும், யாராவது குறித்துக்கொள்ளட்டும். மனு ஆங்கிலத்திலோ ஜுலுவிலோ போகட்டும். எழுதத் தெரியாதவர் அலுவலக நேரத்தில் நேரில் வந்தால் ஊழியர் ஒருவர் அவர் சொல்வதை எழுதித்தர வேண்டும் என்பது நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இதை அச்சிட்டுக் கூட்டத்தில் கொடுங்கள். பலருக்குத் தெரியாது.

நான்காம் படி: தேவையைக் கண்ணால் பார்த்துச் சேகரிப்பது

மண்டபத்தில் உட்கார்ந்து "என்ன வேண்டும்?" என்று கேட்டால் வேலைவாய்ப்பு, பாதுகாப்பு, சுத்தம் என்று பெரிய சொற்கள்தான் வரும். அவை உண்மையான கவலைகள். ஆனால் பட்ஜெட்டில் எந்த வரியிலும் உட்காராது. அதனால் நடந்துபாருங்கள். ஆறேழு பேர், ஒரு கைப்பேசி, பகுதியின் அச்சிட்ட வரைபடம் ஒன்று. மழை பெய்த மறுநாள் போவது நல்லது. எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூடி இல்லை, எந்தச் சரிவு இறங்குகிறது என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படம், தேதி, அருகிலுள்ள வீட்டு எண்.

நடக்கும் குழுவில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரும், குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஒரு தாயும், இரவு ஷிப்டுக்குப் போகும் ஒருவரும் இருக்கட்டும். ஒரே தெரு மூன்று பேருக்கும் வேறு வேறு தெரு. டாக்ஸி நிறுத்தத்தில் நிழல் இல்லை என்பதைக் காரில் போகிறவர் சொல்லமாட்டார்.

இப்படிச் சேர்த்த பட்டியல் நாற்பது ஐம்பது வரும். எல்லாவற்றையும் அனுப்பினால் எதுவும் நடக்காது. அதனால் இரண்டாவது கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஸ்டிக்கர் கொடுத்து, சுவரில் ஒட்டிய பட்டியலில் தமக்கு முக்கியமானவற்றின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். உரக்கப் பேசுகிறவருக்கும் மூன்று, பேசாமல் மூலையில் இருக்கிறவருக்கும் மூன்று. அதிலிருந்து அதிகபட்சம் ஐந்தை எடுங்கள். விடுபட்டவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றைச் சங்க நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள், அடுத்த ஆண்டு வேலைக்கு வரும்.

வெள்ளத்தைப் பட்டியலில் எங்கே வைப்பது என்று யாராவது தயங்கினால் 2022 ஏப்ரலை நினைவுபடுத்துங்கள். அந்த மழையில் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அங்கே மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீரை நம்பி இருந்தார்கள். வடிகாலும், ஓடைக் கரையும், ஓர் ஊர் ஒரே ஒரு நிலையத்தை நம்பியிருப்பதும் ஐந்தாண்டுத் திட்டத்தில் எழுதப்பட வேண்டிய விஷயங்கள். மழை வந்தபிறகு எழுதினால் அது நிவாரணம் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: மனுவை எழுதுவது

ஒரு தேவைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். "எங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது" என்று தொடங்கும் மனுக்கள் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படிக்கும் அதிகாரிக்கு அடுத்து என்ன செய்வது என்று அவை சொல்வதில்லை. இப்படி எழுதிப்பாருங்கள், ஒரு கற்பனைத் தெருவை வைத்துச் சொல்கிறேன்:

"வார்டு எண் இது. இந்தத் தெருவில் 12-ஆம் எண் வீட்டிலிருந்து ஓடைவரை உள்ள மழைநீர்க் குழாய் கனமழையில் தாங்குவதில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் கொடுத்த புகார்களின் குறிப்பு எண்கள் கீழே உள்ளன. தண்ணீர் புகுந்த வீடுகளின் படங்கள் தேதியோடு இணைக்கப்பட்டுள்ளன. குழாயைப் பெரிதாக்குவதற்கான ஆய்வை அடுத்த நிதியாண்டிலும் கட்டுமானத்தை அதற்கடுத்த ஆண்டிலும் ஐ.டி.பி.யிலும் மூன்றாண்டு மூலதன பட்ஜெட்டிலும் சேர்க்கக் கோருகிறோம். ஓடையின் மறுபக்கக் குடியிருப்போர் குழுவும் இதை ஆதரிக்கிறது. சேர்க்க இயலாது எனில் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

அந்த மனுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இடம் துல்லியமாக இருக்கிறது. சான்று இருக்கிறது. முதல் ஆண்டில் ஆய்வு, இரண்டாம் ஆண்டில் கட்டுமானம் என்று பிரித்துக் கேட்டிருக்கிறோம், ஏனென்றால் நகராட்சி மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து பட்ஜெட் போடுகிறது. ஆய்வுக்கான சிறிய தொகையை முதலில் உள்ளே நுழைப்பது எளிது. ஆய்வு முடிந்த வேலையை அடுத்த ஆண்டு வெட்டுவது அவர்களுக்குக் கடினம். கடைசி வரி எல்லாவற்றையும்விட முக்கியம். எழுத்தில் மறுப்பு வந்தால்கூட அது ஓர் ஆவணம், அதை வைத்து அடுத்த கதவைத் தட்டலாம்.

மனுவை வார்டு கவுன்சிலருக்கும், நகராட்சி மேலாளர் அலுவலகத்துக்கும், ஐ.டி.பி. அலுவலகத்துக்கும், சம்பந்தப்பட்ட துறைக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒவ்வொரு நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சல் என்றால் பதில் வரும்வரை விடாதீர்கள்.

ஆறாம் படி: ஏப்ரல், மே கூட்டங்கள்

வரைவு வெளிவந்ததும் முதல் வேலை, உங்கள் ஐந்து கோரிக்கைகளும் அதில் இருக்கின்றனவா என்று தேடுவது. ஆவணம் பல நூறு பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம். கணினியில் வார்டு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். மூலதனத் திட்டப் பட்டியலை மட்டும் தனியாக அச்சிட்டால் போதும். தெளிவான தலை உள்ள ஒரு பிள்ளையிடம், மெட்ரிக் படிக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது, இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

மேயர் மக்களைச் சந்திக்கும் இம்பீசோ கூட்டத்திலோ பட்ஜெட் கூட்டத்திலோ பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ஐந்து பேர் போங்கள், ஆளுக்கு ஒரு கோரிக்கை. "எங்கள் மனு இந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, வரைவில் இந்தப் பக்கத்தில் அது இல்லை, ஏன்?" என்று கேட்டால் போதும். வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் நேரம் மிஞ்சும்.

பட்ஜெட்டைப் பற்றி மக்கள் கொடுத்த கருத்துகளை மன்றம் பரிசீலிக்க வேண்டும், அவற்றுக்குப் பதில் சொல்லவும் தேவைப்பட்டால் பட்ஜெட்டைத் திருத்தவும் மேயருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று நிதி மேலாண்மைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. வரைவு ஐ.டி.பி.யையும் பட்ஜெட்டையும் விவாதிக்கும் மன்றக் கூட்டத்தைக் கதவடைத்து நடத்தக் கூடாது என்று அமைப்புகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த நாளில் பார்வையாளர் மாடத்தில் உங்கள் ஆட்கள் சிலர் உட்கார்ந்திருக்கட்டும்.

வார்விக் சந்தையும் புல்புல் டிரைவும்

இந்த ஊரிலேயே நடந்த இரண்டு கதைகளைச் சொல்லாமல் போக முடியாது.

வார்விக்கில் உள்ள அதிகாலைச் சந்தை 1910-இல் உருவானது. ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் தோட்டத்தில் விளைந்த கீரையையும் மிளகாயையும் கொண்டுவந்து விற்ற இடம் அது. 1990-களின் பிற்பாதியில் வார்விக் சந்திப்பைச் சீரமைத்தபோது நகராட்சி அதிகாரிகள் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். மூலிகை விற்பவர்களுக்குப் பயன்படாமல் கிடந்த மேம்பாலத்தின் மேலேயே சந்தை கட்டிக் கொடுத்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் நகரமைப்பாளர்கள் வந்து பார்க்கும் இடமாக அது ஆனது. அதே வார்விக்கில் 2009-இல், உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டில், அதிகாலைச் சந்தை இருக்கும் இடத்தில் பேரங்காடி கட்டும் திட்டம் வந்தது. வியாபாரிகள் தெருவிலும் நின்றார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் தள்ளுவண்டித் தொழிலாளர்களும் சேர்ந்து நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது, சந்தை இன்றும் நடக்கிறது. ஒரே இடம், ஒரே நகராட்சி. முதல் தடவை பேசிவிட்டு வரைந்தார்கள், இரண்டாம் தடவை வரைந்துவிட்டுப் பேச வந்தார்கள். கோரிக்கைகளைச் செப்டம்பரிலேயே கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதில் இருக்கிறது.

மற்றது சாட்ஸ்வர்த்துக்கும் உம்லாசிக்கும் இடையில் உள்ள புல்புல் டிரைவ் நச்சுக் கழிவுக் கிடங்கு. அதை விரிவாக்க நினைத்தபோது தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பு இரண்டு பக்க மக்களையும் திரட்டியது. 2011-இல் கிடங்கு மூடப்பட்டது. கூட்டமைப்பின் டெஸ்மண்ட் டி'ஸாவுக்கு 2014-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தக் கூட்டமைப்பு மெரிபேங்க், வென்ட்வொர்த் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையை எதிர்த்து வளர்ந்த அமைப்பு.

ஏழாம் படி: பணத்தைப் பின்தொடர்வது

பட்ஜெட் நிறைவேறிய 28 நாட்களுக்குள் மேயர் இன்னொரு ஆவணத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். சேவை வழங்கல், பட்ஜெட் செயலாக்கத் திட்டம் என்பது அதன் பெயர். மக்கள் அதிகம் கேட்டிராத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இது. எந்த வேலை, எந்த வார்டில், எந்தக் காலாண்டில், எவ்வளவு முடிய வேண்டும் என்று அதில் இருக்கும். ஐ.டி.பி. விருப்பத்தைச் சொல்கிறது, இது கணக்கைச் சொல்கிறது.

உங்கள் கோரிக்கை அதில் இருந்தால் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், ஜூலையில் காலாண்டு முடிந்ததும் கவுன்சிலரிடம் ஒரே கேள்வி: இந்தக் காலாண்டில் முடிய வேண்டியது முடிந்ததா? ஜனவரி அரையாண்டு ஆய்வில் பணம் செலவாகாமல் கிடந்தால், பிப்ரவரியில் திருத்த பட்ஜெட் வந்து அந்தப் பணம் வேறு இடத்துக்குப் போகலாம். அந்த மாதம் விழிப்போடு இருங்கள். வந்த பணம் கைநழுவுவது பெரும்பாலும் அப்போதுதான்.

எட்டாம் படி: பதில் வராவிட்டால்

முதலில் நினைவூட்டல் கடிதம். அடுத்து 2000-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் விண்ணப்பம். நகராட்சி 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திட்டமதிப்பு, ஒப்பந்தம், ஆய்வறிக்கை என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். "எல்லாத் தகவலும்" என்று கேட்டால் மறுக்க வசதியாகிவிடும். நிர்வாகக் கோளாறு தெளிவாகத் தெரிந்தால் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நீதிமன்றம் கடைசி வழி. மடாட்டியேலே ஊரைக் குவாசூலு-நட்டாலிலிருந்து கிழக்கு கேப் மாகாணத்துக்கு மாற்றியபோது, குவாசூலு-நட்டால் சட்டமன்றம் மக்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று 2006-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த மாற்றத்தைச் செல்லாது என்றது. பெரிய வெற்றி. ஆனால் பிறகு கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன, 2007-இல் அதே மாற்றம் மறுபடி சட்டமானது. கேட்கப்படும் உரிமையை நீதிமன்றம் வாங்கித்தரும். கேட்டது கிடைக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. சிறிய அமைப்புகள் வழக்குச் செலவில் மூழ்குவதற்கு முன் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 31-க்குள் முந்தைய ஆண்டின் அறிக்கை மன்றத்தில் வைக்கப்படும். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் மன்றம் அதைப் பற்றிய மேற்பார்வை அறிக்கையை ஏற்க வேண்டும். அந்த விவாதமும் மக்களுக்குத் திறந்திருக்கிறது, எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். ஐந்து கோரிக்கைகளில் எத்தனை பட்ஜெட்டில் வந்தன, வந்தவற்றில் எத்தனை முடிந்தன என்று உங்கள் நோட்டிலிருந்து ஒரு பக்கம் எழுதி, அந்தப் பழைய குறிப்பு எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். நகலை வார்டு குழுவிடம் கொடுங்கள். அதை எழுதும் சங்கக் கூட்டத்திலேயே, வரும் ஆகஸ்ட் கால அட்டவணையை யார் போய் வாங்கிவருவது என்று பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள்.